ஒரே வீட்டில் வளர்ந்த இருவர்: ஆணிடமும் பெண்ணிடமும் சமூகப் பதற்றக் கோளாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவு எங்கள் சிகிச்சை மையத்துக்கு வந்த உடன்பிறந்த இருவரைப் பற்றியது. அண்ணன் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். தங்கை அவரைவிட மூன்று வயது இளையவர். இருவருக்குமே சமூகப் பதற்றக் கோளாறு, அதாவது பிறர் தம்மை எப்படி மதிப்பிடுவார்களோ என்ற மிகையான அச்சம், இருந்தது என்பதும், இருவருக்குமே அது 13, 14 வயதில் தொடங்கியிருந்தது என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஏறக்குறைய ஒரே பள்ளி என்று சூழல் பெரும்பாலும் பொதுவாக இருந்தும், அந்தக் கோளாறு இருவரிடமும் வெளிப்பட்ட விதமும், மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்ட விதமும் வேறுபட்டிருந்தன. அந்த வேறுபாடு சிகிச்சையின் ஒவ்வொரு முடிவையும் பாதித்ததால்தான் இதை முழுமையாக எழுதி வைக்கிறோம். இருவரிடமும் எழுத்துமூல ஒப்புதல் பெறப்பட்டது; அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பொதுவாகத் தெரிந்த சிலவற்றை முதலில் சொல்லிவிடலாம். சமூக அச்சம் என்ற பெயரில் இது தனிக் கோளாறாக அங்கீகரிக்கப்பட்டது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பு 1980-இல் வெளிவந்தபோதுதான். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பொதுமக்களிடையே நடத்தப்படும் கணக்கெடுப்புகளில் இது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வாய்ப்பு விகிதம் (ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு இது இருக்கும் வாய்ப்பு எத்தனை மடங்கு என்பதன் அளவு) 1.5 முதல் 2.2 வரை. ஆனால் சிகிச்சைக்கு வருபவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறார்கள், சில இடங்களில் ஆண்கள் சற்றுக் கூடுதலாகவும் இருக்கிறார்கள். பெண்கள் அஞ்சும் சூழல்களின் எண்ணிக்கை அதிகம் என்றும், மனச்சோர்வும் பிற பதற்றக் கோளாறுகளும் அவர்களிடம் கூடவே வருவது மிகுதி என்றும், ஆண்கள் காதல் உறவை நாடிப் பேசுவதற்கு அதிகம் அஞ்சுகிறார்கள், பதற்றத்தைத் தணிக்க மதுவையும் போதைப்பொருளையும் அதிகம் நாடுகிறார்கள் என்றும் அதே கையேடு குறிப்பிடுகிறது. இவை பெருந்திரளானவர்களைப் பற்றிய போக்குகள். எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் இவற்றில் எது பொருந்தும் என்பதை அவரிடமே கேட்டுத்தான் அறிய வேண்டும்.

தங்கையின் வருகை

முதலில் வந்தவர் தங்கை. அலுவலகத்தில் அவருக்கு ஒரு குழுவின் பொறுப்பை ஏற்கச் சொல்லி வாய்ப்பு வந்திருந்தது. ஏற்றால் மாதந்தோறும் மேலதிகாரிகள் முன் அறிக்கை வாசிக்க வேண்டும். அந்த எண்ணமே அவரைத் தூங்கவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அழுகையும் களைப்பும் அதிகமானபோது பொது மருத்துவர் ஒருவர் மனச்சோர்வு என்று கண்டறிந்து எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கியிருந்தார். சோர்வு குறைந்தது. கூட்டங்களில் வாய் திறக்க முடியாத நிலை அப்படியே இருந்தது. ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அடக்கமான பெண், அமைதியான சுபாவம் என்று பள்ளியிலிருந்தே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாராட்டு கிடைத்ததாலேயே உதவி தாமதமானது என்பது எங்கள் கணிப்பு.

அவர் தன் ஒருநாளை விவரித்த விதம் மிகத் துல்லியமானது. கூட்ட அறைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவார், ஏனெனில் எல்லோரும் அமர்ந்திருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைவது அவரால் இயலாதது. சொல்ல நினைக்கும் கருத்தை முதலில் குறிப்பேட்டில் முழு வாக்கியமாக எழுதுவார். ஒரு சொல்லை அடித்து இன்னொன்றை இடுவார். வாக்கியம் திருப்தியாக அமையும் நேரத்தில் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். அந்தக் குறிப்பேட்டை அவர் ஒருமுறை கொண்டுவந்து காட்டினார்: பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில், யாரும் கேட்காத கருத்துகள். அவற்றில் பல, கூட்டத்தில் பிறகு வேறொருவர் சொல்லி ஏற்கப்பட்டவை என்றார் அவர்.

அவரது அச்சப் பட்டியல் நீளமானது. அதிகாரத்தில் உள்ளவர்களோடு பேசுவது, பிறர் பார்க்க வேலை செய்வது, கவனத்தின் மையமாக இருப்பது, அதிகம் பழகாதவரிடம் கருத்து வேறுபாட்டைச் சொல்வது ஆகியவை அதன் உச்சியில் இருந்தன. சமூகப் பதற்றம் உள்ள ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வொன்றிலும் பெண்கள் கூடுதல் அச்சம் தெரிவித்த சூழல்களில் இவை இடம்பெற்றிருந்தன. அதே ஆய்வில் ஆண்கள் கூடுதல் அச்சம் தெரிவித்தவை இரண்டே: பொதுக் கழிப்பறையில் சிறுநீர் கழிப்பதும், வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதும். இந்த இரண்டும் பின்னால் தேவைப்படும்.

அண்ணன் வந்த விதம்

குடும்ப வரலாற்றைக் கேட்டபோது தங்கை அண்ணனைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: "அவனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, அவனுக்கு யாரையும் பிடிக்காது, அவ்வளவுதான்." வீட்டில் எல்லோருடைய கருத்தும் அதுவே. உறவினர் கூடும் இடங்களுக்கு வரமாட்டார். வந்தால் தாமதமாக வருவார், குடித்துவிட்டு வருவார், சீக்கிரம் கிளம்புவார். இரவுப் பணியைத் தானே கேட்டு வாங்கியிருந்தார். திமிர் பிடித்தவர், ஒட்டாதவர், குடிகாரர் என்ற பெயர்கள் அவருக்கு உண்டு. கூச்சம் உள்ளவர் என்ற பெயர் மட்டும் இல்லை.

தங்கை சில வாரங்களாகத் தன் சிகிச்சையைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கிய பிறகு, அண்ணன் அவரிடம் சில கேள்விகள் கேட்டிருக்கிறார். மனம் ஏதாவது சொல்கிறதா, உடம்பு ஏதாவது செய்கிறதா என்பது போன்ற கேள்விகள். பிறகு ஒருநாள் தங்கையை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், காத்திருப்பு அறையில் உட்காராமல் வெளியே கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை என்பதை அவரே பின்னர் சொன்னார். முன்பதிவுக்கு அவர் தொலைபேசியில் பேசவில்லை. மின்னஞ்சல் அனுப்பினார், வருவதற்கான காரணம் என்ற இடத்தில் "குடி" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒரே அளவுகோல், இரண்டு படங்கள்

இருவருக்கும், சமூகப் பதற்றத்தின் தீவிரத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. 1987-இல் வெளியான இந்த அளவுகோலில் 24 சூழல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அச்சம் எவ்வளவு, தவிர்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை தனித்தனியே மதிப்பிட வேண்டும்; மொத்தம் 144. தங்கையின் மதிப்பெண் 74: அச்சம் 44, தவிர்ப்பு 30. அண்ணனின் மதிப்பெண் 66: அச்சம் 25, தவிர்ப்பு 41.

மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதாகவும், அண்ணனின் சிக்கல் சற்றுக் குறைவு என்றும் தோன்றியிருக்கும். அச்சம், தவிர்ப்பு என்ற இரண்டு பத்திகளையும் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. தங்கை அதிகம் அஞ்சினாலும் போய்க்கொண்டிருந்தார், ஏனெனில் போகாமல் இருக்க அவரை யாரும் விடவில்லை. அண்ணன் அஞ்சுவதே இல்லை என்று எழுதிய பல இடங்களுக்கு அவர் போவதே இல்லை. பயமில்லாத ஒருவர் 24 சூழல்களில் பெரும்பாலானவற்றை ஏன் தவிர்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு அளவுகோலை ஆலோசகரே நேரில் மீண்டும் நடத்தினார். இம்முறை இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. பயம் என்று கேட்பதோடு, எரிச்சல், நெஞ்சு படபடப்பு, உடம்பு சூடாவது, அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்ற உந்துதல் ஆகியவையும் கேட்கப்பட்டன. அத்துடன் ஒவ்வொரு சூழலிலும் "குடிக்காமல், கைப்பேசி கையில் இல்லாமல் போக நேர்ந்தால்" என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. அச்சப் பத்தி 25-இலிருந்து 42 ஆனது. "பயம்னு இதைச் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது சார், கோபம்னுதான் நினைச்சேன்" என்றார் அவர்.

பொதுக் கழிப்பறை பற்றிய வினா அந்த அளவுகோலிலேயே இருக்கிறது. இருந்தும் அவர் முதல்முறை அதை வெறுமையாக விட்டிருந்தார். நேரில் கேட்டபோதுதான், பக்கத்தில் யாராவது நின்றால் தன்னால் முடியாது என்றும், நீண்ட பயணங்களில் அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை என்றும் சொன்னார். கடை பற்றிய வினாவுக்கு அவர் தந்த விடை: ஓர் அளவு சிறியதாக வந்த காலணி ஒன்று பெட்டியோடும் ரசீதோடும் அலமாரியில் கிடக்கிறது. பணிபுரியும் இடத்தில் ஒரு பெண்ணோடு பேச ஓராண்டுக்கு மேலாக நினைத்துக்கொண்டிருப்பதையும், ஒரு வணக்கம்கூடச் சொல்லாததையும், அன்றைய சந்திப்பின் கடைசி நிமிடத்தில், எழுந்து நின்றபடி சொன்னார்.

குடியைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாப்பட்டியலில் அவர் பெற்றது 13. அந்தப் பட்டியலில் 8-உம் அதற்கு மேலும் இருந்தால் தீங்கு தரும் அளவாகக் கொள்வது வழக்கம். காலையில் குடிக்கும் பழக்கமோ, நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை போன்ற விலகல் அறிகுறிகளோ இல்லை. தனியாக வீட்டில் இருக்கும் நாட்களில் அவர் குடிப்பதே இல்லை என்பது முக்கியமான தகவல். மனிதர்களைச் சந்திக்க வேண்டிய நாட்களில் மட்டும், கிளம்புவதற்கு முன் குடித்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இருவரையும் ஒரே ஆலோசகர் பார்ப்பதில்லை என்பது. தங்கை அண்ணனைப் பற்றிச் சொன்ன தகவல்கள் அண்ணனின் மதிப்பீட்டில் கலந்துவிடக் கூடாது. அண்ணன் சொல்வது தங்கையின் காதுக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் அவருக்கு வரக் கூடாது. மையத்திலேயே வேறொரு ஆலோசகர் அவரை ஏற்றார். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம் என்று குடும்பம் விரும்பியது, அதையும் தவிர்த்தோம். வீட்டில் இருவரையும் ஒப்பிட்டே பேசும் வழக்கம் இருந்தது. சிகிச்சை அறை அதற்கு இன்னொரு களமாவதில் எங்களுக்கு விருப்பமில்லை.

இரண்டாவது முடிவு, குடியை முதலில் சரிசெய்துவிட்டுப் பதற்றத்துக்கு வருவதா, இரண்டையும் ஒன்றாக எடுப்பதா என்பது. குடியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சமூகப் பதற்றம் உள்ளவரின் குடி பெரும்பாலும் பதற்றத்தைக் குறைக்கும் முயற்சியாக இருப்பதால், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. இவரது குடி எங்கே, எப்போது என்ற விவரமும் அதையே காட்டியது. எனவே குறுகிய மது ஆலோசனையும் பதற்றச் சிகிச்சையும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டன. விலகல் அறிகுறிகள் இருந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டோம். மதுவுக்கு உடல் அடிமையான ஒருவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது, அதற்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை. பதற்றத்தை உடனே தணிக்கும் பென்சோடையசெபின் வகை மாத்திரைகளை மனநல மருத்துவர் அவருக்குத் தரவில்லை. மதுவோடு சேர்ந்தால் அவை மூச்சை ஒடுக்கக்கூடும் என்பதோடு, ஒரு மறைப்புக்குப் பதில் இன்னொரு மறைப்பாகவும் ஆகிவிடும்.

தங்கையின் மாத்திரை தொடர்ந்தது. அதன்மேல், இருவருக்கும் தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை) தொடங்கப்பட்டது. உளவியலாளர்கள் கிளார்க், வெல்ஸ் ஆகியோர் 1995-இல் முன்வைத்த மாதிரியே அடிப்படை. அதன்படி பதற்றத்தை நிலைநிறுத்துபவற்றில் முக்கியமானவை இரண்டு: கவனம் முழுவதும் தன்மேலேயே திரும்பிவிடுவது, கேவலப்படாமல் தப்பிக்க ஒருவர் கையாளும் சின்னச் சின்னப் பாதுகாப்பு உத்திகள். அந்த உத்திகளே, அஞ்சியது நடக்கவில்லை என்பதை அவர் அறியவிடாமல் தடுக்கின்றன. தங்கையின் குறிப்பேடும் அண்ணனின் மதுவும் இந்த வகையில் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒன்று நல்ல பழக்கமாகத் தெரிந்தது, மற்றொன்று கெட்ட பழக்கமாகத் தெரிந்தது.

சிகிச்சையின் போக்கு

தங்கையிடம் முதலில் செய்த சோதனை எளிமையானது. ஒரே தலைப்பில் இருமுறை ஐந்து நிமிடம் பேசவேண்டும். முதல்முறை வழக்கம்போல் வாக்கியங்களை மனத்தில் திருத்தித் திருத்திப் பேசவேண்டும். இரண்டாம் முறை எதிரில் இருப்பவரை மட்டும் கவனித்துப் பேசவேண்டும். இரண்டும் காணொளியில் பதிவாயின. பார்ப்பதற்கு முன், தான் எப்படித் தெரிவோம் என்று விவரிக்கச் சொன்னபோது, முகம் சிவந்து குரல் நடுங்கியிருக்கும் என்றார். பதிவில் முகம் சிவந்திருக்கவில்லை. திருத்தித் திருத்திப் பேசிய முதல் பதிவில்தான் இடைவெளிகளும் தடுமாற்றமும் அதிகம். அடுத்த வாரம் குறிப்பேட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

கடினமானது கருத்து வேறுபாட்டைச் சொல்வது. ஒரு திட்டத்தின் கால அளவு போதாது என்று கூட்டத்தில் அவர் சொன்னார். அவர் முன்கூட்டியே எழுதியிருந்த கணிப்பு, "கோபக்காரி என்று நினைப்பார்கள்" என்பது. கூட்டம் முடிந்ததும் சக ஊழியர் ஒருவர், "இன்றைக்கு என்ன, ரொம்பக் கோபமா இருக்கீங்க?" என்று கேட்டே விட்டார். கணிப்பு பலித்துவிட்டது. பாடநூல் எடுத்துக்காட்டுகளில் அஞ்சியது நடப்பதில்லை. உண்மையில் சில நேரம் நடக்கும். அமைதியாக இருப்பதற்காகவே பாராட்டப்பட்டு வந்த பெண் வாய் திறந்தால் அதற்கொரு விலை இருக்கிறது என்பதை மனப்பிழை என்று ஒதுக்குவது அவரை ஏமாற்றுவதாகும். எனவே ஆலோசகர் கேள்வியை மாற்றினார்: அந்தப் பேச்சு எவ்வளவு நாள் நீடித்தது, அதனால் என்ன இழந்தீர்கள், எழுப்பிய விஷயம் என்ன ஆயிற்று? கால அளவு நீட்டிக்கப்பட்டது. கேட்ட ஊழியர் மறுநாள் வழக்கம்போல் பேசினார். தன்னைப் பற்றி ஒருவர் தவறாக நினைத்தபோதும் அந்த வாரம் வழக்கம்போலவே ஓடியது என்பதுதான் அவருக்கு அந்தச் சோதனை தந்த புதிய தகவல்.

அண்ணனின் சிகிச்சை மேடுபள்ளமாகவே சென்றது. உணர்வுகளைப் பேசுவதில் அவருக்கு நாட்டமில்லை. செய்து பார்ப்பதில் இருந்தது. காலணியைத் திருப்பிக் கொடுப்பதை அவரே முதல் பணியாகத் தேர்ந்தார். கடைக்காரர் ஏளனம் செய்வார், தன் குரல் உடையும், பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள் என்பவை அவரது கணிப்புகள். கடைக்காரர் தலை நிமிராமலே ரசீதைக் கேட்டார், காலக்கெடு முடிந்துவிட்டது என்று மறுத்துவிட்டார். காலணி திரும்ப வீட்டுக்கே வந்தது. குரல் கொஞ்சம் உடைந்தது என்று அவர் குறித்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் குறித்திருந்தார்.

குடிக்காமல் நண்பர்களைச் சந்தித்த நாளில் அவர்கள் கேலி செய்தார்கள். அதுவும் நடக்கும் என்று அவர் சொன்னதுதான். அதன்பின் சில வாரங்கள் அவர் வரவில்லை. ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து வற்புறுத்தவில்லை. அடுத்த நேரம் இது, விரும்பினால் வரலாம் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார். திரும்பி வந்தவர், இடைப்பட்ட நாட்களில் குடித்ததையும், ஒருமுறை குடிக்காமல் போய் அரைமணி நேரம் தாக்குப்பிடித்ததையும் சேர்த்தே சொன்னார். அதற்குப் பிறகு திட்டம் மாறியது. குடிக்காமல் இருப்பதைத் தனி இலக்காக வைக்காமல், போய்ச் சேர்ந்த பின் முதல் அரைமணி நேரத்தில் கவனத்தை எங்கே வைப்பது என்பதே பயிற்சியானது. அவரது குடியின் தேவை முழுவதும் அந்த அரைமணிக்குள்தான் இருந்தது.

பணியிடத்தில் இருந்த அந்தப் பெண்ணோடும் அவர் பேசினார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே திருமணம் நிச்சயமாகியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு, ஓராண்டுக்கு முன்பே கேட்டிருந்தால் ஓராண்டு மிச்சம் என்று சிரித்தார்.

விளைவு

சிகிச்சை முடிவில் தங்கையின் லீபோவிட்ஸ் மதிப்பெண் 74-இலிருந்து 37-க்கு இறங்கியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதே அளவில் இருந்தது. மாதாந்தர அறிக்கையை அவர் வாசிக்கிறார். குழுப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. பயத்தால் மறுக்கிறாரா என்று ஆலோசகர் விசாரித்ததில், ஊதிய உயர்வில்லாமல் கூடுதல் வேலை தரப்படுவதாகக் கருதி, அதையே மேலதிகாரியிடம் நேரில் சொல்லி மறுத்திருக்கிறார் என்று தெரிந்தது. இதை முன்னேற்றமாகவே பதிவு செய்தோம். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையின் அளவு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது.

அண்ணனிடம் இரண்டாவது மதிப்பீட்டின் மொத்தமான 83-ஐ அடிப்படையாகக் கொண்டால், இறுதி மதிப்பெண் 55. தவிர்ப்புப் பத்தி நன்றாக இறங்கியது, அச்சப் பத்தி குறைவாகவே இறங்கியது: முன்பு போகாத இடங்களுக்கு இப்போது போகிறார், அங்கே பதறுகிறார். ஆடிட் மதிப்பெண் 13-இலிருந்து 6 ஆனது. பொதுக் கழிப்பறைச் சிக்கலில் மாற்றம் மிகக் குறைவு. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் தொடங்கிப் படிப்படியாகச் செல்லும் பயிற்சி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இரவுப் பணியை மாற்றிக்கொள்ள அவர் விரும்பவில்லை. அதை வற்புறுத்தவும் இல்லை.

இந்த இருவரை வைத்து ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி என்று முடிவு கட்டுவதற்கில்லை. குடியை நாடும் பெண்களையும், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆண்களையும் நாங்கள் பார்க்கிறோம். கோளாறின் உள்ளமைப்பு, அதாவது பிறர் மதிப்பீட்டைக் குறித்த அச்சம், இருவரிடமும் ஒன்றுதான். அது எந்த இடத்தில் சுடுகிறது, எதன் பின்னால் ஒளிந்துகொள்ள ஊர் அனுமதிக்கிறது, ஒளிந்திருப்பதற்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பவற்றில் வேறுபாடு இருந்தது.

நடைமுறையில் மாற்றியவை

மையத்தின் மதிப்பீட்டில் அச்சம், தவிர்ப்பு ஆகிய இரண்டு பத்திகளையும் தனித்தனியே எழுதி, அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால் நேரில் மீண்டும் கேட்பது இப்போது கட்டாயம். மது பற்றிய வினாவில் "எவ்வளவு குடிக்கிறீர்கள்" என்று கேட்பதற்கு முன், "எங்கே போவதற்கு முன் குடிக்கிறீர்கள்" என்று கேட்கிறோம்; ஆண், பெண் இருபாலரிடமும் கேட்கிறோம். குடிக்காக வருகிறவர்களிடம் சமூகப் பதற்றத்தையும், மனச்சோர்வுக்காக வருகிற பெண்களிடம் கூட்டங்களில் பேசுவது, மறுத்துச் சொல்வது ஆகியவற்றையும் தனியே விசாரிக்கிறோம். கழிப்பறை வினாவைப் படிவத்தில் விட்டுவிடாமல் ஆலோசகரே கேட்கிறார்.

சோதனைப் பயிற்சிகளுக்கான தாளில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் அஞ்சியது நடக்குமா என்ற கேள்விக்குக் கீழே, நடந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து எது மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி. தங்கையின் கூட்டத்துக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் பிறகு சேர்த்தது அது. அதை முதல் சந்திப்புகளிலேயே கொடுப்பதா, சில பயிற்சிகள் முடிந்த பின் கொடுப்பதா என்பதில் ஆலோசகர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தற்போதைக்கு இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்க்கிறோம்.